கக்கத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தில் அவர் பெயரோடு ஒரு வசனத்தைச் சேர்த்து ஏற்கெனவே ஒரு தடவை கெடுத்தாயிற்று. இங்கேயும் எழுதி இன்னொரு தடவை கெடுப்பானேன்? இரத்தோட்டையில் எல்லோரும் அவரைச் சார்ஜன் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் அண்ணே என்பேன். அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. எங்கள் முதலாளியும் ஸ்டோரை விற்றுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே இதை எழுத எனக்குப் பெரிய தைரியம் ஒன்றும் தேவைப்படவில்லை. தைரியம் தேவைப்பட்ட காலத்தில் அது என்னிடம் இருக்கவும் இல்லை.

நான் அந்த முதலாளியின் டபுள்கெப் வண்டியை ஓட்டியவன். முதலாளிக்கு மிளகு, ஏலம், கறாம்பு வாங்கி அனுப்பும் வியாபாரம். வாரத்தில் இரண்டு நாள் ரிவர்ஸ்டன் மலையைத் தாண்டிப் பல்லேகம பக்கம் போய்த் தோட்டக்காரர்களிடம் மிளகு வாங்குவார். ஒருமுறை அந்தப் பாதையில் நாலு பேர் மரத்தைக் குறுக்கே போட்டு எங்களை மறித்தார்கள். முதலாளியின் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. எனக்கும் விழுந்தது, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் முதலாளி பிஸ்டலுக்கு லைசன்ஸ் எடுத்தார், காவலுக்கு ஒருவரைக் கேட்டு செக்கியூரிட்டி கம்பனிக்கும் சொன்னார். வந்தவர்தான் இவர். பொலிஸில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்த வேதக்காரர், ஒல்லியான உடம்பு. லைசன்சில் முதலாளி பெயரும் இவர் பெயரும் இருந்தன. துப்பாக்கி ஒன்றுதான். அதை மாட்டும் தோல் உறையும் ஒன்றுதான்.

அந்த உறையை முதலாளி படங்களில் பார்த்து ஆசைப்பட்டு வரவழைத்தார். இரண்டு தோளிலும் வார் ஏறும். இடது கக்கத்துக்குக் கீழே துப்பாக்கி படுத்தபடி கிடக்கும். மேலே கோட் போட்டால் வெளியே தெரியாது. வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய் எடுக்க வேண்டும். இடுப்பில் வைக்கிற உறைதான் நல்லது என்று இவர் வந்த அன்றே சொன்னார். வயிற்றில் உறுத்துகிறது என்று முதலாளி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இதோட வாய் பின்னால பாக்குது தம்பி," என்றார் என்னிடம். "முன்னால வர்ற கள்ளனுக்கு ஒன்னும் ஆகாது. பின்னால நிக்கிற நம்ம ஆளுக்குத்தான் ஆபத்து."

அன்றைக்கே சீட் பிரச்சினை வந்தது. எங்கள் நாட்டில் பெரிய மனிதர்கள் பின் சீட்டில் இடது பக்கம்தான் உட்காருவார்கள். காவலுக்கு வருகிறவர் அதற்கு நேர் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில். அப்படி உட்கார்ந்தால் துப்பாக்கியின் வாய் முதலாளியின் நெஞ்சைப் பார்க்கும். இவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறாமல் நின்றார்.

"ஐயா, நீங்க தம்பிக்குப் பின்னால மாறி உக்காருங்க."

"டிரைவருக்குப் பின்னாலயா? ஆளுங்க பாத்தா என்னய்யா நினைப்பாங்க?"

"அப்படின்னா நான் திரும்பி உக்காருறேங்க."

சொன்னபடி செய்தார். முதுகைக் கதவில் சாய்த்து, முகத்தை என் பக்கம் திருப்பி, முழங்கால் இரண்டையும் கியருக்குப் பக்கத்தில் ஒடுக்கிக்கொண்டு ஒரு மாதம் வந்தார். துப்பாக்கியின் வாய் அப்போது கதவுக்கு வெளியே பார்க்கும். நான் கட்டினவள்கூட என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இதிலே இன்னொரு கஷ்டம், வழியில் பஸ் ஹோல்ட் வந்தால் அங்கே நிற்கிற ஜனங்கள் பக்கம் அது பார்க்குமே. "ஐயா, அந்தப் பக்கம் சாயுங்க" என்று பின்னால் சொல்லிவிட்டு முன்புறம் திரும்புவார். ஹோல்ட் தாண்டியதும் பழையபடி என் பக்கம். இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போய்ச் சேருவதற்குள் முதலாளி எத்தனை தடவை சாய்ந்து நிமிர்ந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் வெறுத்துப்போய், எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். இவர் அன்றுதான் முன் சீட்டில் நேராக உட்கார்ந்தார். வெற்றி பெற்ற களை ஒன்றும் முகத்தில் இல்லை. சீட் பெல்ட்டைப் போட்டபின் கோட்டுக்குள் கையை விட்டு, உறையின் பட்டன் கழன்றிருக்கிறதா என்று ஒரு தடவை தடவிப் பார்த்தார். பெல்ட் உரசிப் பட்டன் கழன்றுவிடுமாம். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் பெல்ட்டைப் போட்டதும் அந்தக் கை உள்ளே போய் வரும்.

ஸ்டோரின் பின்னறையில் ஒரு வாளி நிறைய மணல் வைத்திருந்தார். காலையில் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அதன் வாயை வாளிக்குள் காட்டியபடிதான் எல்லாம் நடக்கும். தோட்டா அடுக்கிய மெகசினைக் கழற்றுவார், மேல்பாகத்தை இழுத்து உள்ளே பார்ப்பார், சுண்டு விரலை விட்டும் தடவுவார். மெகசினைப் போட்டபிறகும் உள்ளறையில் தோட்டா ஏற்ற மாட்டார். தேவை வந்தால் அப்போது இழுத்தால் போதும் என்பது அவர் கட்சி. பிறகு வார்களைச் சரிசெய்வார். முதலாளி போட்ட மறுநாள் வார் எல்லாம் தொளதொளவென்று கிடக்கும், முதலாளியின் உடம்பு அப்படி. தன்னுடைய துளைக்கு நீல நூல், முதலாளியின் துளைக்குச் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார். உறை ஆடக்கூடாது என்று அதன் அடியிலிருந்து ஒரு வாரை இடுப்புப் பெல்ட்டோடு சேர்த்து மாட்டுவார். கடைசியில்தான் கோட். இத்தனைக்கும் கால் மணி நேரம் ஆகும். மிளகு புடைக்கிற பெண்கள் சார்ஜன் பூசைக்குப் போயிருக்கிறார் என்று சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அவர் இடுப்பை வளைத்துக் குனிந்து நான் பார்த்ததில்லை. கீழே விழுந்த எதையும் முதுகை நேராக வைத்து, முழங்காலை மடித்து உட்கார்ந்துதான் எடுப்பார். தோல் பழசானால் உறை வாயைப் பிளக்கும், குனிந்தால் சாமான் நழுவும் என்பார். ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அண்ணே, உங்களுக்கு அதக் கண்டாப் பயம். அதுதான் இவ்வளவும்."

"ஆமா தம்பி, பயந்தான்."

இப்படி நேராக ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு அவராகவே சொன்னார்.

"டியூட்டில என் கூட்டாளி ஒருத்தன். சப்பாத்துக் கயிறு கட்டக் குனிஞ்சான். பட்டன் போடல. விழுந்து வெடிச்சிருச்சு. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். அவனுக்கு ரெண்டு புள்ளைங்க."

அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர் துப்பாக்கியை வேலையாக வெளியே எடுத்ததை ஒரே ஒரு தடவை கண்டிருக்கிறேன். பல்லேகமவிலிருந்து திரும்பும்போது இரண்டு மோட்டார் சைக்கிள் எங்களை விடாமல் பின்தொடர்ந்தது. ஒரு பாலத்தடியில் முந்திக்கொண்டு வந்து குறுக்கே நிறுத்தினார்கள். இவர் இறங்கினார். இடது முழங்கையை முகத்துக்கு நேரே உயர்த்தினார், வலது கை உள்ளே போனது, துப்பாக்கி வெளியே வந்தது. யாரையும் நோக்கிப் பிடிக்கவில்லை, தரையைப் பார்த்துப் பிடித்தபடி நின்றார். வந்தவர்கள் பாதை கேட்க வந்தவர்கள் மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். முதலாளி சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டார். சீக்கிரம் ஏறய்யா, ஏறய்யா என்று கத்தினார். இவரோ அசையவில்லை. விரலை விசையில் படாமல் நீட்டி வைத்து, இடது கையால் கோட்டை அகலப் பிடித்து, தலையைத் தாழ்த்தி உறையைப் பார்த்து, அங்குலம் அங்குலமாக உள்ளே வைத்தார். பட்டனைப் போட்டார். பிறகுதான் ஏறினார்.

"இவ்வளவு நேரமாய்யா?" என்றார் முதலாளி.

"எடுக்கும்போது அவசரம் இருக்கலாங்க. வைக்கும்போது என்ன அவசரம்? பாத்து வைக்கணும். முக்காவாசிப் பேர் வைக்கும்போதுதான் சுட்டுக்கிறான். சட்டைத்துணி, கயிறு, என்னமாவது ஒன்னு உள்ள போய் விசைல மாட்டிக்கிரும். கூடவே நம்ம இடது கை அந்த வழியிலதான் தொங்கிக்கிட்டு இருக்கும்."

இந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால், அப்போது சொல்லத் தெரியாது. சலிப்பாகவும் இருந்தது. அவரோடு ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் நுழைவதென்றால் சுவர் ஓரத்து மேசை காலியாகும்வரை வாசலில் நிற்க வேண்டும். பின்னால் யாரும் வரக்கூடாதே. நத்தார்ப் பண்டிகைக்கு ஸ்டோரில் எல்லோரும் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லும்போது இவர் இரண்டடி தள்ளி நின்று கையைக் கூப்புவார். ஊரில் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்றார்கள்.

அவருடைய அக்கா இறந்த அன்று நாங்கள் நாவுலையில் இருந்தோம். செய்தி கேட்டு முதலாளியே வாகனத்தை நேராகச் சாவு வீட்டுக்கு விடச் சொன்னார். இவர் கோட்டோடு இறங்கினார். தாயில்லாத வீட்டில் இவரை வளர்த்தது அந்த அக்காதான் என்று வழியில் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். வீட்டுக்குள் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் அக்காவின் மகள்மார் ஓடி வந்தார்கள். இவர் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "கிட்ட வராதீங்கம்மா, கிட்ட வராதீங்க" என்று கையை முன்னால் நீட்டினார். அந்தப் பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டன. துப்பாக்கியைக் கழற்றி வாகனத்தில் வைக்க மாட்டார், என்னிடமும் தர மாட்டார், லைசன்சில் என் பெயர் இல்லை. முதலாளியோ அதற்குள் மாத்தளைக்குப் போன் பேசப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் சுவரோடு சாய்ந்தபடியே அழுதார். பெட்டிக்குப் பக்கத்தில் போகவில்லை.

அவர் மனைவியை அன்றுதான் நான் முதன்முதலில் பார்த்தேன். பாலர் பள்ளியில் படிப்பிக்கிறவர், அதட்டிப் பேசத் தெரியாத பெண். அருகில் வந்து, வழக்கமான தூரத்தில் நின்றுகொண்டு, "உங்க அக்காவுக்கு மேலயா அந்த இரும்பு?" என்று மெல்லக் கேட்டார்.

"மேல இல்லடி. இத்தனை சனம் இருக்கு."

அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கையை நீட்டிக் கொடுத்த விதத்தில் அது பழகிப்போன தூரம் என்று தெரிந்தது.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

முதலாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு ஜாக்கெட் அனுப்பியிருந்தான். தலையை மூடும் தொப்பி வைத்தது. தொப்பியை இறுக்க நெஞ்சுக்கு இரண்டு பக்கமும் கயிறு தொங்கும், நுனியில் பிளாஸ்டிக் மணி. பல்லேகமவில் வியாபாரிகள் கூடுகிற நாள் அது. துப்பாக்கியைத் தானே மாட்டிக்கொண்டு போக வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. அதுவும் ஜாக்கெட்டுக்கு மேலே, எல்லோரும் பார்க்கும்படி. பின்னறையில் இருவருக்கும் வாக்குவாதம் நடந்தது.

"கயிற வெட்டிருவோங்க ஐயா. வேற கோட் வேணும்னாலும் இருக்கு."

"மகன் அனுப்புனதய்யா. வெட்டவா சொல்ற?"

கடைசியில் இவர் கயிறு இரண்டையும் முடிச்சுப் போட்டு ஜாக்கெட்டுக்கு உள்ளே சொருகி, சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். சிவப்பு நூல் துளையில் வாரை மாட்டிக் கொடுத்தார். உள்ளறை காலி என்று வாளிக்கு மேலே பிடித்து முதலாளிக்குக் காட்டினார். எடுக்கவே வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னதை நானே கேட்டேன்.

ரிவர்ஸ்டனில் பனி மூட்டம் இறங்கியிருந்தது. காற்று ஆளைத் தள்ளியது. முதலாளி வண்டியை நிறுத்தச் சொன்னார். மகனுக்கு அனுப்ப ஜாக்கெட்டோடும் துப்பாக்கியோடும் ஒரு படம் வேண்டுமாம். சார்ஜன் அண்ணன் சக்கரத்துக்குக் கல் வைக்கப் பின்பக்கம் போயிருந்தார். முதலாளி சிப்பைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு, துப்பாக்கியை உருவி, படங்களில் வருகிற மாதிரி மேல்பாகத்தை இழுத்துவிட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இழுப்பில் தோட்டா உள்ளறைக்குள் ஏறிவிட்டது. நான் போனில் படம் எடுத்தேன். எதிரே நின்ற எனக்கு அது எவ்வளவு மடத்தனம் என்று உறைக்கவில்லை. மூன்றரை வருடம் அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் நான்.

இழுத்த சத்தம் கேட்டு அவர் ஓடி வந்தார்.

"ஐயா, வைக்காதீங்க! அப்படியே கீழ பாத்துப் புடிங்க, நான் வாங்கிக்கிறேன்."

என் முன்னால் அதட்டுப்பட்டது முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்று உறைக்குள் திணித்தார். காற்றில் அந்தக் கயிறு எப்போதோ வெளியே வந்துவிட்டிருந்தது. பிளாஸ்டிக் மணி துப்பாக்கியோடு சேர்ந்து உள்ளே போவதை அண்ணன் கண்டார். கயிற்றைப் பிடித்து இழுக்க இடது கையை நீட்டினார். அப்போதுதான் வெடித்தது. தோட்டா அவருடைய இடது முழங்கைக்கு மேலே புகுந்து பின்னால் இருந்த மண்மேட்டில் போய்ப் புதைந்தது.

அவர் கத்தவில்லை. முதலில் துப்பாக்கியைத்தான் கேட்டார். ஒற்றைக் கையால் வாங்கி, முழங்காலுக்கிடையில் பிடித்து, தோட்டாக்களைக் கழற்றி மண்ணில் போட்டார். அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்தார்.

மலை வளைவுகளில் ஹோர்னில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினேன். பின்னால் முதலாளி சின்னப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டு வந்தார். லைசன்ஸ் போகும், வழக்கு வரும், மகனிடம் போக விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிற நேரம், எல்லாம் நாசமாய்ப் போகும் என்று புலம்பினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். இரத்தோட்டை நெருங்கும்போது பேசினார்.

"என் கைல இருந்துச்சுன்னே சொல்லுங்க ஐயா. என்னோட பேரும் லைசன்ஸ்ல இருக்குத்தானே. அந்த ஜாக்கெட்டோட அதப் போட விட்டது நான்தான். அது என் பிழைதான்."

பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, உன்ன கேட்டா, எப்படி வெடிச்சதுனு தெரியாதுனு சொல்லு. நான் பாக்காம வச்சேன்னு மட்டும் சொல்லிராத."

நான் தலையாட்டினேன்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் படுத்தபடி அவர் கொடுத்த வாக்குமூலத்தில், துப்பாக்கி என் கையில் இருந்தது, வெடித்தது, எப்படி என்று தெரியாது என்று மட்டும்தான் இருந்தது. அது பொலிஸுக்குப் போதவில்லை. பொலிஸில் இருந்த மனிதருக்கு எப்படித் தெரியாமல் போகும்? நோண்ட நோண்ட வேறு ஏதாவது வெளியே வரும் என்று முதலாளியின் வக்கீல் பயந்தார். மறுநாள் காலையில் முதலாளி என் வீட்டுக்கே வந்தார். என் வீடு நின்றது முதலாளியின் காணியில். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு போனைக் கேட்டார். அவர் கண்முன்னாலேயே அந்தப் படத்தை அழித்தேன்.

பொலிஸில் எழுதுகிறவர் சிங்களத்தில் கேட்டார், நான் சிங்களத்தில் சொன்னேன். "எங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே, பார்க்காமல் உறையில் வைத்தார். இடது கை குறுக்கே இருந்தது." எழுதியதை வாசித்துக் காட்டினார். சரிதானா என்று கேட்டார். சரி என்று கையெழுத்து வைத்தேன். கேட்டவருக்கு அது நன்றாகப் பொருந்தியது. தோளில் மாட்டும் உறையில் தன் கையைத் தானே சுட்டுக்கொள்வது நடக்கிற காரியம்தானே.

அதோடு கதை முடிந்தது. வழக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், தண்டம் கட்டினார். லைசன்சிலிருந்து அவர் பெயரை வெட்டினார்கள். கம்பனி அவரை நிறுத்தியது. இடது கை விரல்கள் மடங்காமல் போயின. நான் ஆறு மாதம் அவர் வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. டவுனுக்குப் போனால் வேறு பாதையால் போவேன்.

அவருடைய இடத்துக்கு ஓர் இளந்தாரி வந்தான். இடுப்பில் வைக்கிற உறை. முதல் நாள் வாகனத்தில் ஏறுமுன் துப்பாக்கியை வைத்தபோது, தலையைத் தாழ்த்தி உறையைப் பார்த்து மெதுவாக வைத்தான். நல்ல பழக்கம் என்றேன்.

"கம்பனில சொல்லித் தந்தாங்க அண்ணே. இங்க இரத்தோட்டைல ஒரு கிழவன் பல்லக் காட்டிக்கிட்டே பாக்காம வச்சு, தன் கையத் தானே சுட்டுக்கிட்டானாம். எங்க கிளாஸ்ல முதல் பாடமே அந்தக் கதைதான்."

எனக்கு வாகனத்தை எடுக்க முடியவில்லை. சாவியைத் திருப்புவதும் நிறுத்துவதுமாக இருந்தேன். அவன் என்ன கோளாறு என்று கேட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பேக்கரியில் ஒரு பை பணிஸ் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நன்றாக மெலிந்திருந்தார். சட்டைப் பட்டன் எல்லாம் கழுத்துவரை ஒழுங்காகப் போட்டிருந்தது, அண்ணி போட்டு விட்டிருப்பார். "வா தம்பி" என்று பழைய மாதிரியே கூப்பிட்டார். புது ஆளைப் பற்றி விசாரித்தார். கக்கத்தில் வைக்கிறானா, இடுப்பிலா என்று கேட்டார். நான் தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னேன். அண்ணி பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, உங்ககிட்ட ஒன்னு கேக்கணும். நீங்க வருவீங்கன்னு ஆறு மாசமா பாத்துக்கிட்டு இருந்தேன்."

"சொல்லுங்க அண்ணி."

"இந்த மனுசன் வாயத் திறக்க மாட்டேங்குறாரு. கோவில்ல ஆளுங்க சிரிக்கிறாங்க. அது போகட்டும். கல்யாணம் முடிச்சு இருபத்தெட்டு வருசம் தம்பி. டியூட்டில இருந்து துப்பாக்கியோட வந்தா, அதப் பொலிசுக்குப் போய்க் குடுத்துட்டு வர்ற வரைக்கும் எங்கள கிட்ட நெருங்க விட மாட்டாரு. மக நடக்கப் பழகுன நாள்ல அப்பானு ஓடி வந்தா, தள்ளி நிறுத்துவாரு. அந்தப் புள்ள வாசல்ல நின்னே பேசிப் பழகிருச்சு. இப்பவும் போன்ல அவ அவருகிட்ட அதிகமாப் பேச மாட்டா. நான் என்ன சொல்லி அவள வளத்தேன் தெரியுமா? அப்பாவுக்குப் பாசம் இல்லாம இல்லடி, கவனம், எல்லாம் நமக்காகத்தான்னு சொன்னேன். அதத்தான் நானும் நம்புனேன். இப்ப பல்லக் காட்டிக்கிட்டு பாக்காம வச்சாருன்னா, அப்ப அவ்வளவு வருசமும் எதுக்கு? நீங்க பக்கத்துல நின்னீங்க. பொலிசுல சொன்னது கெடக்கட்டும். எனக்கு மட்டும் சொல்லுங்க. பாத்தாரா, பாக்கலையா?"

அவர் குரல் உயரவே இல்லை. ஒரு வார்த்தைதான் கேட்டார். அந்த வார்த்தை என் வாயில் இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்தது வரும், கடைசியில் முதலாளி பெயரும் வரும். பாலர் பள்ளி டீச்சர் ஊரில் யாரிடமும் சொல்லாமல் இருப்பாரா? என் பெண்டாட்டி அப்போது எட்டு மாதம். கூரையைப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் நின்ற முதலாளி கண்ணுக்குள் வந்தார். நான் கோப்பையை எடுத்தேன். பிளேன்டீ மேசையில் சிந்தியது.

அண்ணன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் வழக்கிலும் எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டும் அவர் வாயிலிருந்து வராத வசனத்தை அன்றைக்குச் சொன்னார்.

"பாக்கலடி. சிரிச்சுக்கிட்டே வச்சேன். அவன எதுக்குப் போட்டு நோண்டுற?"

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தார். என் கோப்பையை எடுத்து, சிந்தியதைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, மெதுவாக எழுந்து உள்ளே போனார்.

"நீ கெளம்பு தம்பி," என்றார் அவர்.

நான் கிளம்பினேன்.